கூரைக்குக் கீழே ஒரு மைதானம்

போன வாரம் மாகாளிக் கிழங்கு ஊறுகாயைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். மீதியை இந்த வாரம் எதிர்பார்க்கும் வாசகியர் மன்னிக்க வேண்டும். ஊறுகாய் எங்கே போகிறது? ஜாடியில் ஊறிக்கொண்டே இருக்கட்டும். இந்த வாரம் எழுத வேறு விஷயம் இருக்கிறது.

ஆடி பிறந்துவிட்டது. போடிநாயக்கனூரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மலைக்கு அந்தப் பக்கம் மழை. இந்தப் பக்கம் காற்று. கொடியில் உலர்த்திய புடவையை மூன்றாவது வீட்டு மாடியில் போய்க் கேட்டு வாங்கி வரவேண்டும். வாசலில் போட்ட கோலம் பத்து நிமிஷத்தில் எதிர்வீட்டுத் திண்ணைக்குக் குடிபோய்விடும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டிருக்கிறார்களே, சும்மாவா நட்டார்கள்?

இப்படிப்பட்ட ஊரில், எங்கள் தெருவில் ஒரு பெண் ஷட்டில் ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பு முடித்தவள். ஷட்டில் என்பது என்ன? ஒரு தக்கையில் செருகிய பதினாறு இறகு. எடை ஐந்து கிராம் சொச்சம். பக்கத்தில் நின்று யாராவது பலமாகத் தும்மினால்கூடத் திசை மாறிவிடும். அதை ஆடிக் காற்றில் அடித்தால் கோட்டகுடி ஆற்றில்தான் போய்ப் பொறுக்க வேண்டும்!

அதனால் அவள் ஏலக்காய்க் கிட்டங்கியில் ஆடுகிறாள். கிட்டங்கிக்காரர் அவளுக்குத் தூரத்து உறவில் மாமா. மாசி கடைசியில் ஏலக்காய் வரத்து அடங்கிவிடும். அப்புறம் ஆனி வரைக்கும் பாதிக் கட்டடம் காலி. சிமென்ட் தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, தூணுக்குத் தூண் வலை கட்டி, சாயங்காலம் பெண்கள் நாலைந்து பேர் ஆடுவார்கள். மூட்டையெல்லாம் போய்விட்டாலும் வாசனை போகாது. அங்கே ஆடிவிட்டு வருகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தால் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

சித்திரையில் அவளுக்குச் சென்னையில் ஆட அழைப்பு வந்தது. மாநில அளவில் ஒரு போட்டி. இடம், பெரியமேட்டில் இருக்கிற நேரு உள்ளரங்கம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அப்பத்தாவைத் தவிர. "வயசுக்கு வந்த பிள்ளை. அரைக்கால் சட்டையை மாட்டிக்கிட்டு ஊர்ச் சனம் நடுவில ஓடப்போகுதா? வெயில்ல கறுத்துப் போனா எவன் கட்டுவான்?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். "வெயிலே இல்லை அப்பத்தா, மேலே கூரை போட்டிருக்கு" என்றாள் பேத்தி. "மைதானத்துக்குக் கூரையா?" என்று கிழவி கேட்டாள். அந்தக் கேள்வியோடு பட்டினி முடிந்தது. மூன்றாம் நாள் தானும் கூட வருவதாக அறிவித்துவிட்டாள். பெண்ணின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மலைத் தோட்டத்தில் வேலை. ஆகவே, துணைக்குத் துணையாக நான்.

*

போடிக்கு ரயில் வந்தது 1928-ல். யுத்த காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். மறுபடி போட்டார்கள். பிறகு அகலப் பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்குப் போகிற வரைக்கும் ஊருக்கு ரயில் கிடையாது. 2023 ஜூன் 15-ந் தேதிதான் திரும்ப வந்தது. வந்தது சும்மா வரவில்லை. நேரே சென்னை சென்ட்ரலுக்கே போகிற வண்டியாக வந்தது. ராத்திரி போடியில் ஏறிப் படுத்தால் மறுநாள் காலையில் சென்ட்ரல். அங்கிருந்து ரிப்பன் மாளிகையைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தால் நேரு ஸ்டேடியம். பஸ் வேண்டாம், ஆட்டோ வேண்டாம். ஏதோ எங்கள் ஊர்ப் பெண்களுக்காகவே பாதை போட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

சென்ட்ரலை விட்டு வெளியே வந்ததும் அப்பத்தா நின்றுவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "இங்கதானே புலி இருந்துச்சு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சொன்னது அத்தனையும் நிஜம். கல்யாணமான புதிதில் அவளை அவள் வீட்டுக்காரர் பட்டணம் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் பட்டணம் வந்தவர்கள் தவறாமல் பார்க்கிற இரண்டு இடம் உண்டு. ஒன்று 'செத்த காலேஜ்', இன்னொன்று 'உயிர் காலேஜ்'. செத்த காலேஜ் எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ் மிருகக்காட்சி சாலை. அது இருந்த இடம், இப்போது ஸ்டேடியம் இருக்கிற இந்தப் பூங்கா வட்டாரம்தான்.

அதனால் உள்ளரங்கத்தின் கதையை அந்த மண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சார்லஸ் டிரெவெல்யன் என்ற கவர்னர் 1859-60-ல் இங்கே இருந்தார். ஜார்ஜ் டவுனின் நெரிசலில் மூச்சுத் திணறிய ஜனங்கள் காலாற நடக்க ஓர் இடம் வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்த பூங்காதான் 'பீப்பிள்ஸ் பார்க்'. ஜனங்களின் தோட்டம் என்று அர்த்தம். குளங்கள், மரங்கள், பாண்டு வாத்தியம் எல்லாம் இருந்தன. எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் 1855-ல் மியூசியத்தில் தொடங்கி வைத்திருந்த மிருகங்களும் சில வருஷங்களில் அங்கே குடியேறின. மார்கழியில் பெரிய சந்தை கூடும். வேடிக்கை, வாணம், பந்தயம்.

அந்தச் சந்தையில்தான் அது நடந்தது. 1886 டிசம்பர் 31. வருஷக் கடைசி நாள். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடத்தில் கீற்றுக் கொட்டகைகள் தீப்பிடித்துக்கொண்டன. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். இன்று அந்த வழியாகப் போகிறவர்கள் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் மட்டும், உள்ளரங்கத்துக்குள் போய் உட்கார்ந்ததும் முதல் காரியமாக வெளியே போகும் வாசல்களை எண்ணினேன். நாலு பேரைக் கூட்டி ஒரு கூரைக்குக் கீழே உட்கார வைக்கிறோம் என்றால் முதலில் யோசிக்க வேண்டியது வாசலைப் பற்றித்தான். கல்யாண மண்டபத்துக்குக் குழந்தைகளோடு போகிற நாமெல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

பூங்காவின் ஓரத்தில் 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. பழைய புத்தகத்திலிருந்து பச்சைக்கிளி வரைக்கும் கிடைக்கும். 1913-ல் பக்கத்திலேயே கார்ப்பொரேஷன் கட்டடமான ரிப்பன் மாளிகை. தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. கார்ப்பொரேஷன் அங்கே ஒரு ஸ்டேடியமும் கட்டியது. அதைக் கிரிக்கெட் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்குச் சேர்ந்து 413 ஓட்டம் குவித்தார்களே, அது இங்கேதான். அந்த உலக சாதனையை முறியடிக்க 2008 வரைக்கும், அதாவது 52 வருஷம், ஆளில்லை. சேப்பாக்கத்துக்குக் கிரிக்கெட் திரும்பிப் போகிற வரையில், 1956-லிருந்து 1965 வரை, டெஸ்ட் பந்தயங்கள் இங்கேதான் நடந்தன.

1985 ஒரு விசித்திரமான வருஷம். அந்த வருஷம் மிருகங்கள் வண்டலூருக்குப் போய்விட்டன. அதே வருஷம் மே 30-ந் தேதி மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று. இன்று அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் நிற்கிறது. பழைய சென்னையின் ஒரு மூலையே ஒரு வருஷத்தில் காலியாகிவிட்டது.

காலியான மூலைக்கு விளையாட்டு வந்தது. 1992-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்பட்டது. பழைய ஸ்டேடியத்தை மாற்றி, 1993-ல் கால்பந்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் ஏற்ற நேரு ஸ்டேடியமாகக் கட்டினார்கள். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுகள் சென்னையில் நடந்தன. அப்போது ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றே பெயர். அந்த மும்முரத்தில்தான் நுங்கம்பாக்கத்து டென்னிஸ் அரங்கமும் வேளச்சேரி நீச்சல் குளமும் உண்டாயின. அந்தச் சில வருஷங்களில்தான் பெரியமேட்டில், திறந்த ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே, சுமார் 8,000 பேர் உட்காரக்கூடிய உள்ளரங்கமும் எழுந்தது. இந்தியாவின் மற்ற பெரிய நகரங்கள் முந்திக்கொண்டிருந்தன. கல்கத்தாவில் 1975-ல் உலக மேஜைப் பந்துப் போட்டிக்காக நேதாஜி அரங்கம். டில்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காக இந்திரா காந்தி அரங்கம். நாம் கொஞ்சம் தாமதம். கூரை போட்டுக்கொண்டு ஆட வேண்டிய அவசியம் நமக்கு என்ன என்று நினைத்தார்களோ என்னவோ!

*

அப்படி நினைத்திருந்தாலும் முழுக்கத் தப்பில்லை. இந்தக் கூரை ஆட்டங்கள் பிறந்ததற்குக் காரணமே பனிதான்.

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். 1891 டிசம்பர். வெளியே முழங்கால் ஆழம் பனி. வெளியே போக முடியாமல் வாலிபர்கள் முரடாகிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சமாளிக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் ஒரு விளையாட்டை யோசித்தார். பீச் பழம் வைக்கிற இரண்டு கூடைகளை வாங்கி, கூடத்தின் மாடிக் கிராதியில் ஆணியடித்து மாட்டினார். கிராதியின் உயரம் பத்தடி. அதனால் இன்று வரைக்கும் உலகம் முழுவதும் கூடைப்பந்தின் கூடை பத்தடியில்தான் இருக்கிறது! கூடைக்கு அடியில் ஓட்டை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு முறை பந்து விழும்போதும் ஒருவன் ஏணி வைத்து ஏறி எடுத்துக் கொடுத்தானாம். நாலு வருஷம் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் என்பவர் அதே மாதிரி ஒரு கூடத்தில் கைப்பந்தை உண்டாக்கினார்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ருசியான சங்கதி அடுத்தது. நெய்ஸ்மித்தின் ஆட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைத் தன் மாணவிகளுக்குத் தகுந்தபடி மாற்றினாள். 1893 மார்ச்சில் முதல் பந்தயம். கூடம் நிறையக் கூட்டம். ஆனால் ஒரு நிபந்தனை: ஆண்கள் உள்ளே வரக் கூடாது. பெண்கள் காலுடுப்போடு ஓடுவதை ஆண்கள் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று அன்றைய அமெரிக்கா நினைத்தது. போடியில் எங்கள் அப்பத்தா இரண்டு நாள் பட்டினி கிடந்ததற்கும், அந்தக் கூடத்தின் கதவைச் சாத்தியதற்கும் அதிக வித்தியாசமில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். சுவரும் கதவும் இருந்ததால்தான் அந்தப் பெண்கள் ஆட முடிந்தது. திறந்த வெளி என்றால் ஊர் விட்டிருக்காது. நாலு சுவர் எப்போதும் பெண்ணை அடைத்து வைக்கத்தான் என்று சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த நாலு சுவர் ஓடிப் பார்க்க இடம் கொடுத்தது.

இந்த ஆட்டங்களை நம்மூருக்குக் கொண்டு வந்தவர்களும் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள்தான். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் கல்லூரியாக இருப்பது அதுதான். 1924-ல் பாரீஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய வீரர்களைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே. அங்கே பனிக்குப் பயந்து கூரைக்குள் பிறந்த ஆட்டம் இங்கே வந்ததும் கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணில் இறங்கிவிட்டது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வேப்ப மரத்தடியில் கைப்பந்து வலை கட்டாத பள்ளி எது? ஷட்டிலுக்கு 1870-களில் பூனாவில் வெள்ளைக்கார அதிகாரிகள் விதி எழுதினார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் காற்றோடு மல்லுக்கட்டவில்லை. இறகை விட்டுவிட்டு மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துக்கொண்டு பூப்பந்து ஆடினார்கள். மகா கெட்டிக்காரத்தனம்!

இதற்கு நேர் எதிர், நம் சடுகுடு. அது மண்ணிலேயே பிறந்து மண்ணிலேயே புரண்ட ஆட்டம். 1990-ல் பீஜிங் ஆசிய விளையாட்டில் ஆண்களுக்கும், 2010-ல் பெண்களுக்கும் இடம் கிடைத்த பிறகு அது மெத்தை விரிப்புக்கு ஏறி, கூரைக்குள் நுழைந்துவிட்டது. 2017 அக்டோபர் 28-ந் தேதி புரோ கபடிப் போட்டியின் கடைசி ஆட்டம் பெரியமேட்டு உள்ளரங்கத்தில்தான் நடந்தது. பாட்னா அணி குஜராத்தை 55-க்கு 38 என்று தோற்கடித்தது. 2019 பிப்ரவரியில் கைப்பந்து. சென்னை அணி கோழிக்கோட்டை வென்றது. 2024-ல் இன்னொரு கைப்பந்துப் போட்டி ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே நடந்தது. அந்த முறை கோழிக்கோட்டுக்காரர்கள் கோப்பையோடு போனார்கள். 2022 ஜூலை 28-ந் தேதி, 180-க்கு மேற்பட்ட நாட்டவர் வந்த சதுரங்க ஒலிம்பியாட் போட்டிக்குத் தொடக்க விழாவும் அங்கேதான். ஆட்டங்கள் மாமல்லபுரத்தில். அதில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினாள். சீமந்தம் முடிந்தால் மாடிப்படி ஏறாதே என்று சொல்கிற நமக்கு இதையெல்லாம் ஜீரணிக்கச் சிறிது நாளாகும்.

அப்படியும், நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த அரங்கத்தைத் தெரிந்தது ஆட்டத்தால் அல்ல, சினிமா விழாவால்தான். 2022 செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' பாட்டு வெளியீடு அங்கேதான் நடந்தது. வாராவாரம் கல்கியின் தொடருக்காகத் தபால்காரரை எதிர்பார்த்த தலைமுறையின் பேத்திகள் டெலிவிஷன் முன்னால் காத்திருந்தார்கள். விழா நடத்த வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை வந்தால்தான் விளக்கு எரியும். ஆனால் மேடை போடுகிற நாளெல்லாம் ஆடுகிற பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டும் என்பதும் ஒரு கணக்கு. 2021 மே மாதத்தில் அந்த ஸ்டேடியத்தின் வாசலில் இன்னொரு கூட்டம் நின்றது. கொரோனாவுக்கு ரெம்டெசிவிர் மருந்து அங்கே கிடைக்கிறது என்று, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்ற கூட்டம். அதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாசலைத் தாண்டும்போது இன்னும் ஏதோ செய்யும். அந்த மண் பாவம், எத்தனையைத்தான் பார்க்கும்!

*

உள்ளே நுழைந்ததும் எங்கள் பெண் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நான் விளக்குகளைப் பார்த்துப் பிரமிக்கிறாள் என்று நினைத்தேன். அது இல்லை.

"அத்தை, கூரை எம்புட்டு உசரம்!" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

அவள் பயம் எனக்கு அப்போது புரியவில்லை. ஆட்டம் தொடங்கின பிறகுதான் புரிந்தது. சர்வதேச ஷட்டில் போட்டிக்குத் தரையிலிருந்து கூரை வரைக்கும் 12 மீட்டர், சுமார் 40 அடி, வெற்றிடம் வேண்டும் என்பது விதி. எங்கள் கிட்டங்கியின் இரும்பு உத்திரம் பதினாலு அடியில் இருக்கிறது. அவள் பழகினதெல்லாம் அந்தப் பதினாலடிக்குள். வலையை ஒட்டிச் சின்னதாகத் தட்டுவாள், பாருங்கள், அப்படி ஒரு நளினம்! முறத்தில் ஏலக்காய் புடைக்கிறவர்களின் மணிக்கட்டு அது; அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். மதுரையிலும் தேனியிலும் அதை வைத்தே ஜெயித்து வந்துவிட்டாள். ஆனால் ஷட்டிலில் 'டாஸ்' என்று ஒன்று உண்டு. மேலே, மேலே, வானத்துக்குப் போகிற மாதிரித் தூக்கி, எதிராளியின் பின்கோட்டில் போய்ச் செங்குத்தாக விழும்படி அடிப்பது. கிட்டங்கியில் அப்படி அடித்தால் உத்திரத்தில் பட்டுத் திரும்பி வரும். ஆகவே அவள் அதை அடித்ததே இல்லை. யாரும் அவளுக்கு அடித்ததும் இல்லை.

எதிரே ஆடிய பெண் கோயம்புத்தூர்க்காரி. ஐந்து நிமிஷத்தில் இதைக் கண்டுகொண்டாள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் டாஸ்தான். எங்கள் பெண் அண்ணாந்து, விளக்கு கண்ணைக் கூச, கால் பின்னப் பின்னால் ஓடினாள். இறகு அவள் தோளுக்குப் பின்னால் விழுந்தது. மறுபடி. மறுபடி. முதல் ஆட்டம் 21-8. இரண்டாவதில் வலையோரம் இழுத்து இழுத்து ஆடி 14 வரைக்கும் வந்தாள். அவ்வளவுதான்.

நான் அப்பத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். "பின்னால போ, பின்னால போத்தா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அரைக்கால் சட்டை ஞாபகமே இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு பையன் சிரித்தான். அவனை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அப்புறம் அவன் வேறு வரிசைக்குப் போய்விட்டான்.

மத்தியானம் வரைக்கும் இருந்து மற்ற ஆட்டங்களையும் பார்த்தோம். ஒரு பெண் தன் பையில் பதக்க மேடைப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். 2024 பாரீஸ் பாராலிம்பிக்ஸில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வாங்கினார்களே. மூன்று பேரும் தமிழ்நாட்டுப் பெண்கள், மூன்றும் ஷட்டில் பதக்கம். எங்கள் பெண் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்புகிற வண்டியில் கீழ்ப் படுக்கையில் உட்கார்ந்து, கட்டி வந்த புளியோதரையைப் பிரித்தபோதுதான் வாய் திறந்தாள். "அத்தை, நான் மோசமா ஆடலை. எனக்கு உசரம் தெரியலை. அவ்வளவுதான்."

"நம்ம ஊர்ல அம்புட்டு உசரத்துக்கு எங்க இருக்கு?" என்று அப்பத்தா கேட்டாள். மூன்று பேரும் யோசித்தோம். கல்யாண மண்டபம்? மாடி இடிக்கும். சினிமாக் கொட்டகை? நாற்காலி. கோயில் மண்டபம் உசரம்தான். ஆனால் அங்கே ஆடவிட்டால் சாமி பொறுத்தாலும் தர்மகர்த்தா பொறுக்க மாட்டார். வெட்டவெளியில் உயரத்துக்குப் பஞ்சமில்லை, காற்று விடாது. திண்டுக்கல் தாண்டும் வரைக்கும் இதே பேச்சு.

ஊருக்கு வந்து இரண்டாம் நாள் அப்பத்தா நேரே கிட்டங்கிக்காரர் வீட்டுக்குப் போனாள். உத்திரத்தை உயர்த்திக் கட்ட எவ்வளவு ஆகும் என்று விசாரித்திருக்கிறாள். அவர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். "சிரிக்காதே. பெரியமேட்டுல நாப்பதடி. நானே பார்த்துட்டு வந்தேன். உனக்கென்ன, கூரையைப் பிரிச்சுப் போடுறப்ப இருபத்தஞ்சாவது தூக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் பிரிக்கிறதாக ஒன்றும் காணோம். ஆனால் நகராட்சிக்கு ஒரு மனு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள், தெருப் பெண்கள் பதினோரு பேர். பெரிய அரங்கம் கேட்கவில்லை. 40 அடி உயரம், ஒரே ஒரு ஆட்டக்களத்துக்கு இடம், பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை, சாயங்காலம் விளக்கு. அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மலையில் முதல் எடுப்பு ஆரம்பமாகிவிட்டது. நேற்று கிட்டங்கி வாசலில் மூட்டை இறங்கிற்று. வலையைச் சுருட்டித் தூண் மேலே கட்டிவிட்டார்கள்; சுண்ணாம்புக் கோட்டின் மேல் படுதா விரித்து ஏலக்காய் கொட்டியாயிற்று. சலித்துப் பொறுக்க எட்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இனி மாசி வரைக்கும் உள்ளேயும் ஆட முடியாது. காற்று, வெளியேயும் ஆட முடியாது.

இன்று காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளிக்கப் போனேன். அந்த நேரத்தில் மட்டும் காற்று சற்று அடங்கியிருக்கும். தெருவில் அவள் பேட்டோடு நின்றிருந்தாள். எதிரே அப்பத்தா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கூடை பழைய இறகுப் பந்துகளோடு. ஒவ்வொன்றாகக் கீழிருந்து வீசிப் போடுகிறாள். பேத்தி அதை மேலே தூக்கி அடிக்கிறாள். இறகு மாடி உயரம் தாண்டி, தென்னை உயரம் தாண்டிப் போய், எங்கே விழுவதென்று யோசித்துவிட்டு இறங்குகிறது. ஆறு மணிக்குள் ஒன்று எங்கள் ஓட்டின் மேல் விழுந்துவிட்டது. ஏணி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.